சூடாகுதுன்னா தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீங்க!

சங்கரன்கோவில்காரனுக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். நம்மூருக்கு ஆடித்தபசு தெரியும், தறிச் சத்தம் தெரியும், பிரியாணி ரொம்ப நன்றாகவே தெரியும். ரத வீதியில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றால் சப்பரம் பார்க்கக் கூடுவது போலக் கூட்டம் கூடிவிடும்.

ஆனால் அந்த ஸ்போர்ட்ஸ் காரின் சொந்தக்காரர் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர். ஸ்டாண்டர்டு ஹெரால்டு! தாத்தா, பெரியப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், பெயரைச் சொன்னதும் முகம் மலரும். இங்கிலாந்தில் டிரையம்ஃப் கம்பெனி 1959-ல் விட்ட ஹெரால்டை, 1961-லிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி வண்டலூர் பக்கம் இருந்த ஆலையில் செய்தது. அதே ஹெரால்டின் சேஸியைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதே வம்சத்து எஞ்சினைப் பெரிதாக்கி வைத்து, அதே இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி வரைந்த உடம்பைப் போட்டு 1962-ல் டிரையம்ஃப் விட்ட இரண்டு சீட் வண்டிதான் ஸ்பிட்ஃபயர். உலகத்தில் இன்றைக்கும் ஆயிரக்கணக்கான பேர் ஆசையாக வைத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று. அந்த வண்டியில் 1147 சிசி, நம்ம மெட்ராஸ் ஹெரால்டில் 948 சிசி. மற்றபடி ஒரே ரத்தம். முன்பக்கம் முழுவதும் முதலை வாய் மாதிரித் திறக்குமே பானெட், அதுகூட ஒன்றுதான்.

வியாதியும் ஒன்றுதான். சூடு.

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். மேட்டில் ஏறினால் முள் ஏறுகிறது, சிக்னலில் நின்றால் ஆவி வருகிறது, வீட்டுக்கு வந்து அணைத்த பிறகு ரேடியேட்டர் குடுகுடுவென்று கொதிக்கிறது. இதற்கு நம்மூரில் காலம் காலமாக ஒரே ஒரு வைத்தியம்.

"தம்பி, தெர்மோஸ்டாட்டு எதுக்கு நமக்கு? அது வெள்ளைக்காரன் குளிருக்கு வச்சது. தூக்கிப் போடு."

இந்த ஒரு வசனத்தோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். பழைய வண்டி சூடானால் எதையும் கழற்றி எறியவும் வேண்டாம், புதிதாக வாங்கி மாட்டவும் வேண்டாம். கம்பெனிக்காரன் என்னவெல்லாம் போட்டு அனுப்பினானோ அதையெல்லாம் முதலில் முழுசாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகும் சூடானால் மாற்றங்களைப் பற்றிப் பேசலாம். இதுதான் என் கட்சி.

முதலில் வெயிலுக்கு ஒரு கணக்கு

வெயில்மேல் பழி போடுவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. மெக்கானிக்கல் படிக்கிற நம்ம செட்டுக்கு இது முதல் பாடம். ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்பது உள்ளே இருக்கிற தண்ணீருக்கும் வெளியே இருக்கிற காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி என்று வையுங்கள். இங்கிலாந்தில் காற்று 20 டிகிரி, வித்தியாசம் 70. சங்கரன்கோவிலில் சித்திரை மத்தியானம் காற்று 40 டிகிரி, வித்தியாசம் 50 மட்டும். ஆக, அங்கே 100 பங்கு வெப்பத்தை வெளியேற்றிய அதே ரேடியேட்டர், அதே காற்று வேகத்தில் இங்கே சுமார் 71 பங்குதான் வெளியேற்றும். கிட்டத்தட்ட 30 சதவீதம் போச்சு.

ஆனால் இந்தக் கணக்கை இன்னொரு கண்ணாலும் பாருங்கள். இதே வெயிலில்தான் இந்தக் கார்கள் புதிதாக இருந்தபோதும் ஓடின. மெட்ராஸ் வெயிலில் டாக்டர்களையும் வக்கீல்களையும் ஏற்றிக்கொண்டு ஓடின. அப்படியென்றால் நடுவில் மாறியது வெயில் அல்ல, வண்டி. வெயில் 30 சதவீதத்தைத் தின்றுவிட்டதால் மிச்சமிருக்கும் 70-ல் ஒரு பங்கைக்கூட நாம் வீணாக்க முடியாது. குளிர் ஊரில் பாதி அடைத்த ரேடியேட்டரோடு சமாளித்துவிடலாம். இங்கே முடியாது. இங்கே வண்டியைக் கச்சிதமாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அவர்களைவிட நமக்குத்தான் அதிகம்.

தெர்மோஸ்டாட் என்ன பாவம் செய்தது?

அது ஒரு சின்ன வாசல். எஞ்சின் குளிர்ந்து இருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகிற வழியை மூடி வைக்கும். 82 டிகிரியோ 88 டிகிரியோ, அதன்மேல் பொறித்திருக்கும் சூடு வந்ததும் திறக்க ஆரம்பிக்கும். நன்றாக வேலை செய்யும் தெர்மோஸ்டாட் சூடான எஞ்சினில் திறந்தேதான் கிடக்கும். திறந்து கிடக்கும் கதவைக் கழற்றினால் வீட்டுக்குள் காற்று எவ்வளவு கூடிவிடப் போகிறது?

கழற்றினால் வரும் கெடுதல் மூன்று.

ஒன்று, எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். மார்கழிக் காலையில் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் வண்டி பாதிச் சூட்டிலேயே ஓடும். பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவும். ரிங்கும் சிலிண்டரும் தேயும், மைலேஜும் குறையும். முள் கீழே நிற்பதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுவோம், உள்ளே எஞ்சின் அழும்.

இரண்டு, சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரட்டை வேலை. ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே பைபாஸ் வழியை ஒரு வளையத்தால் அடைக்கும். ஜாகுவாரின் பேர்போன எக்ஸ்கே எஞ்சின் அப்படிப்பட்டது. அதில் தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட்டால், அல்லது வளையம் இல்லாத வேறு ஒன்றை மாட்டினால், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டும்!

மூன்றாவதுதான் பெரியது. கழற்றியதும் சில நாள் வண்டி கொஞ்சம் சமாளிக்கும். அதனால் உண்மையான நோயை யாரும் தேட மாட்டார்கள். அடைப்பு அடைப்பாகவே இருக்கும், ஹெட் கேஸ்கட் கசிவு கசிவாகவே இருக்கும். ஆறு மாதம் கழித்து ஹெட் வளைந்த பிறகு எல்லோரும் சேர்ந்து வெயிலைத் திட்டுவோம்.

மெக்கானிக் அண்ணன்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் பத்து நிமிஷத்தில் எஞ்சின் காலி. கோவில்பட்டி ரோட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு அது நடந்தால் வழியில் நிற்பவருக்குப் புதுசு எங்கே கிடைக்கும்? சாமான் கிடைக்காத காலத்தில் கழற்றி எறிந்தது புத்திசாலித்தனம்தான். ஆனால் அது ராத்திரி பதினோரு மணிக்கான வைத்தியம். வீடு வந்து சேர்ந்த பிறகும் அதையே வைத்துக்கொள்வது, கை உடைந்ததற்குக் கட்டிய துண்டைக் கல்யாணத்துக்கும் கட்டிக்கொண்டு போவது மாதிரி.

எப்போது சூடாகிறது என்று கேளுங்கள்

காய்ச்சல் என்று போனால் நல்ல டாக்டர் "எத்தனை நாளா? காலையிலா, சாயங்காலமா?" என்று கேட்பார். அதே கேள்விதான் இங்கேயும்.

நிற்கும்போது சூடாகி ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் குறை காற்றில் இருக்கிறது. ஃபேன் பெல்ட் தொய்வு, இறக்கை உடைந்த ஃபேன், காற்று வழி தவறிப் போவது, இவற்றைப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரில் ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் அட்டைத் தடுப்புகள் வைத்திருந்தார்கள். வெறும் அட்டை! முன்னால் வரும் காற்று பக்கவாட்டில் நழுவாமல் ரேடியேட்டருக்குள்ளேயே போக வேண்டும் என்பதற்காக. ஐம்பது வருஷத்தில் அட்டை கிழிந்து போயிருக்கும், யாரோ எடுத்து எறிந்திருப்பார்கள். சூட்டுக்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் அந்த அட்டை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

வேகமாகப் போகும்போது மட்டும் சூடானால் தண்ணீர் ஓட்டத்தில் சந்தேகம். ரேடியேட்டர் குழாய் அடைப்பு, வாட்டர் பம்ப்பின் இறக்கை அரிப்பு. இன்னொரு கள்ளன், கீழ் ஹோஸ். பம்ப் அந்த ஹோஸ் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. ரப்பர் தளர்ந்து, உள்ளே ஸ்பிரிங்கும் துருப்பிடித்துப் போயிருந்தால் வேகத்தில் அது சப்பையாக ஒட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறப்பதற்குள் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உப்பி நிற்கும்.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே சூடானால் தண்ணீர் குறைவு, சிக்கிய தெர்மோஸ்டாட், அல்லது ஹெட் கேஸ்கட். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் எரிந்த வாயு உள்ளே கசிகிறது. அதற்கு ரேடியேட்டர் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

அணைத்த பிறகு மட்டும் கொதித்தால் மூடியைப் பாருங்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது திறந்த பாத்திரத்துக்கு. 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது. 13 பவுண்டு என்றால் சுமார் 119. மூடியின் ரப்பர் செத்திருந்தால் இந்தச் சலுகை முழுவதும் போச்சு. சின்ன சாமானால் பெரிய வியாதி! ஆனால் "பெரிய பவுண்டு மூடி போட்டா நல்லதுதானே" என்று லாரி மூடியை மாட்டாதீர்கள். பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று பிளந்துகொள்ளும். கழுத்தின் ஆழமும் வண்டிக்கு வண்டி வேறு, அளவு மாறினால் மூடி உட்காரவே உட்காராது.

எந்த மாதிரியும் பிடிபடவில்லை என்றால் தண்ணீரை விட்டுவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போங்கள். டைமிங் பின்தங்கியிருந்தால் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் சூடு எக்ஸாஸ்ட் வழியிலும் ஹெட்டிலும் இறங்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாகப் போனாலும் அப்படித்தான்.

அதோடு, சூடு நிஜம்தானா என்பதையும் உறுதி செய்யுங்கள். அறுபதுகளின் பல பிரிட்டிஷ் கார்களில் பெட்ரோல் முள்ளுக்கும் வெப்ப முள்ளுக்கும் சேர்த்து ஒரு சின்ன வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும், 10 வோல்ட்டுக்கு. அது கெட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறும். டேங்க்கில் பாதி பெட்ரோல் இருக்கும்போது முள் முழுசாகக் காட்டினால், கொதிக்கிறது என்று சொல்லும் பக்கத்து முள்ளையும் நம்பாதீர்கள். இன்றைக்குத் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. ரேடியேட்டரின் மேல் டேங்க்கில் ஒரு தடவை, கீழ் டேங்க்கில் ஒரு தடவை, முகம் முழுக்க அங்கங்கே என்று நீட்டுங்கள். நடுவில் ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை, அடைப்பு என்று அர்த்தம்.

நம்ம ஊர்த் தண்ணீர்

வெயிலைவிடப் பெரிய எதிரி ஒருவன் இருக்கிறான். அவனை நாமே சொம்பில் மொண்டு ஊற்றுகிறோம்.

இட்லிச் சட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, பார்த்திருக்கிறீர்கள்தானே? போர் தண்ணீர் சூடானதும் அதிலிருக்கும் சுண்ணாம்பு உப்பு பிரிந்து படிகிறது. எஞ்சினுக்குள் நடப்பதும் அதேதான். அந்தப் படிவு இரும்பைவிடப் பல மடங்கு மோசமாக வெப்பத்தைக் கடத்தும். சிலிண்டரைச் சுற்றி ஒரு மெல்லிய போர்வை. இதில் கொடுமை என்னவென்றால், கசிகிற வண்டிக்குத் தினம் ஒரு சொம்பு ஊற்றுவோம், ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கும். ஒரு வருஷத்தில் எத்தனை சொம்பு உப்பு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இரும்புத் துருவும் இந்த உப்பும் சேர்ந்து சேறாகி பிளாக்கின் பின்பக்கம், கடைசி சிலிண்டரைச் சுற்றிப் போய் உட்காரும். ரேடியேட்டரை மட்டும் கழுவினால் அது அசையாது. பிளாக்கின் வடிகால் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் கம்பி விட்டுக் குத்த வேண்டும். அதுவும் ஆகாவிட்டால் கோர் பிளக்கைத் தட்டி எடுத்து உள்ளே சுரண்ட வேண்டும். அழுக்கு வேலைதான். ஆனால் புது அலுமினிய ரேடியேட்டரின் விலையில் ஒரு துளிகூட ஆகாது.

கழுவி முடித்த பிறகு ஊற்ற வேண்டியது பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும். நம் ஊரில் உறைபனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான். ஒரு எச்சரிக்கை: அந்த எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். வடித்ததை நாயும் குழந்தையும் வரும் இடத்தில் வைக்காதீர்கள்.

தப்பு கம்பெனியுடையதாக இருந்தால்?

"கம்பெனிக்காரன் போட்டதெல்லாம் சரியா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதே டிரையம்ஃப் 1970-ல் ஸ்டாக் என்று ஒரு வண்டியை விட்டது. 3 லிட்டர் வி8, அழகான வண்டி, சூட்டுக்குப் பேர்போனது. வாட்டர் பம்ப்பை எஞ்சினின் உச்சியில் வைத்துவிட்டார்கள். தண்ணீர் கொஞ்சம் இறங்கினாலும் பம்ப் வெறும் காற்றைச் சுற்றும். வார்ப்பு மணலைச் சரியாகச் சுத்தம் செய்யாமலேயே சில பிளாக்குகள் வெளியே வந்தன. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். மருந்துத் தண்ணீரைக் கவனிக்காவிட்டால் அரிப்பு. 1977-ல் கடையைக் கட்டினார்கள். பலர் எஞ்சினையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு எஞ்சின் மாட்டிக்கொண்டார்கள்.

ஆனாலும் இன்றைக்கு அதே எஞ்சினோடு ஸ்டாக்குகள் நிம்மதியாக ஓடுகின்றன. பிளாக்கைச் சுத்தமாகக் கழுவி, ரேடியேட்டரைச் சரியாக்கி, தண்ணீர் அளவையும் மருந்தையும் விடாமல் கவனித்தவர்களின் வண்டிகள் அவை. நிஜமாகவே தப்புள்ள வண்டிக்கே கவனிப்பு இவ்வளவு செய்யுமென்றால், அப்படி ஒரு தப்பும் இல்லாத, முழுக்க இரும்பாலான எளிய ஹெரால்டு எஞ்சினுக்கு என்ன குறை?

எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டலாமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டைனமோ உள்ள பழைய வண்டி தருவதே சுமார் 20 ஆம்பியர். ஃபேன் பத்தைத் தின்னும், ஹெட்லைட் இன்னொரு பங்கைத் தின்னும். ராத்திரிப் பயணத்தில் பேட்டரி படுக்கும். ஒரு நோயை விற்று இன்னொரு நோயை வாங்குவது இது.

எதைக் காப்பாற்றுகிறோம்?

இது வெறும் பணக்காரப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. சூடாகும் பழைய வண்டிக்கு நம்மிடம் நடப்பது என்ன? முதலில் தெர்மோஸ்டாட் போகும். பிறகு ஹெட் வளையும். பிறகு எஞ்சினையே இறக்கிவிட்டு ஏதாவது டீசல் எஞ்சினை ஏற்றுவார்கள். கடைசியில் கிலோ கணக்கில் இரும்புக் கடைக்கு. தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் கையால் செய்த ஹெரால்டு இன்று ரோட்டில் அபூர்வம். நாலு கதவு ஹெரால்டை இங்கிலாந்துக்காரனே செய்ததில்லை, மெட்ராஸில்தான் செய்தார்கள். அது கோவில் சிற்பம் இல்லைதான். ஆனாலும் நம் கைவேலை.

இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது. ரேடியேட்டர் பட்டறை. மேல் டேங்க்கின் பற்றை உருக்கிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தகட்டுக் கம்பியை விட்டு அடைப்பைத் தள்ளி, திரும்ப ஈயம் வைத்து ஒட்டித் தொட்டியில் முக்கிக் குமிழி பார்ப்பார்களே, அந்த வேலை. இன்றைய கார்களில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும்தான். பிரிக்கவும் முடியாது, பற்று வைக்கவும் முடியாது. கெட்டால் புதுசு. செம்பும் பித்தளையும் தெரிந்த கைகளுக்கு வயசாகிவிட்டது. அவர்களுக்கு அடுத்து யாரும் அந்த ஸ்டூலில் உட்காரவில்லை.

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் நாம் பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுகிறோம். அந்த அண்ணன் குழாயில் ஊதிப் பார்த்தே எத்தனை அடைப்பு என்று சொல்லிவிடுகிறார். அவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்னால் மறுத்துப் பேசுவோம், காரணத்தோடு. ஆனால் அவர் கைக்குத் தெரிந்ததை அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவும் செய்வோம்.

கடைசியாக இரண்டு விஷயம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தம் விலகிய நொடியில் தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அவசரப்பட்டுக் கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடும். நிழலில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு, அரை மணி நேரமாவது பொறுத்திருந்து வாருங்கள்.

யாராவது உங்கள் வண்டியின் தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறியப் போனால் அதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், ஒரு அடுப்பு போதும். நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடு ஏற்றுங்கள். பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறந்தால் அது நிரபராதி, திரும்ப மாட்டுங்கள். திறக்காவிட்டால் புதுசு வாங்கி மாட்டுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.